யூட் கரை சேர்த்த ஆள்

தேனியில் எல்லோரும் என்னை மலையாளி என்று நினைத்தார்கள். பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த சாப்பாட்டுக் கடையில் "இடியப்பம் இருக்கோ?" என்று கேட்டதும், கல்லாவில் இருந்தவர் மலையாளத்தில் ஏதோ பதில் சொன்னார். எனக்கு விளங்கவில்லை. நானும் தமிழ்தான் என்றேன்.

"தமிழா? பேச்சு மலைக்கு அங்கிட்டு மாதிரி இருக்கே" என்று சிரித்தார். இலங்கை, மன்னார் என்று சொன்னதும் சிரிப்பு நின்றது. இட்லியின் மேல் கேட்காமலே இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றச் சொன்னார். "கோயிலுக்கு வந்தீகளா?"

வேளாங்கண்ணிக்கு வந்தேன், அது முடிந்துவிட்டது, இப்போது சின்னமனூர்ப் பக்கம் ஒருவரைப் பார்க்கப் போகிறேன் என்றேன்.

"சொந்தமா?"

தண்ணீரை எடுத்துக் குடித்தேன்.

எங்கள் ஊர் மன்னாருக்குத் தெற்கே, அரிப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒரு காலத்தில் முத்துக் குளிப்புக்குப் பேர்போன கரை. தூத்துக்குடியிலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் முத்துக் குளிக்க வந்தவர்கள் எங்கள் மணலில் கொட்டில் போட்டுத் தங்கினார்களாம். அந்தக் காலத்துக் கோட்டைச் சுவர் உப்புக் காற்றில் அரிபட்டபடி இன்னும் நிற்கிறது. யுத்த காலத்தில் நாங்கள் படகேறி இந்தப் பக்கம் ஓடிவந்து, யுத்தம் முடிந்த பிறகு திரும்பிப் போனோம். அப்படி வந்ததில் எல்லோரும் கரை சேரவில்லை. அதனால் கடலில் ஆள் தத்தளிக்கிறது என்றால், எந்த நாட்டு ஆள், எந்தத் தோணி என்றெல்லாம் எங்கள் ஊரில் யாரும் கேட்டுக்கொண்டு நிற்பதில்லை.

ஐந்து வருடங்களுக்கு முன்பு, தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று எழத் தொடங்கிய நாட்களில், தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போன தோணி ஒன்று இயந்திரம் பழுதாகிக் காற்றோடு இழுபட்டு வந்தது. எங்கள் ஊருக்கு நேரே கடலுக்குள் ஒரு கற்பார், தண்ணீருக்குள் மறைந்த பாறைத் திட்டு, உண்டு. அதில் ஏறி உடைந்தது. வெளிச்சம் வந்த பிறகுதான் நாங்கள் கண்டோம். எங்கள் படகுகள் இரண்டு போயின. தோணியில் இருந்தவர்களை ஒவ்வொருவராக ஏற்றிவிட்டார்கள். ஒருவர் மட்டும் ஒரு பலகையைப் பிடித்தபடி அலை உடைகிற இடத்துக்குள் அகப்பட்டுக்கொண்டார். படகு அதற்குள் போக முடியாது. என் தம்பி யூட் குதித்தான்.

படகில் இருந்தவர்கள் இரண்டு தலைகளைக் கண்டார்கள். யூட் அந்த ஆளின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நீந்தினான். பிறகு ஒரு பெரிய அலை. உடைந்த தோணியின் மரம் ஏதோ அலையோடு வந்து அடித்திருக்க வேண்டும் என்றார்கள். நான் கரையில் நின்றேன். சனங்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி ஓர் ஆளைத் தூக்கி வந்தார்கள். மணல் அப்பிய முகம். யூட் இல்லை. அந்த ஆளை உழவு இயந்திரப் பெட்டியில் கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். நாங்கள் கரையிலேயே நின்றோம். யூட்டைக் கடல் பிறகுதான் தந்தது. எங்கள் கோயில் சவக்காலையில் அப்பாவுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தோம்.

பிழைத்தவரின் பெயர் முருகேசன், ஊர் சின்னமனூர் என்று ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த எங்கள் பங்குத் தந்தை சொன்னார். பிறகு பொலிஸ் அவரைக் கொழும்புக்குக் கொண்டுபோய், அங்கிருந்து நாட்டுக்கு அனுப்பிவிட்டதாகக் கேள்விப்பட்டோம். அவரிடமிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. ஒரு தொலைபேசி அழைப்புக்கூட இல்லை. அதை நான் மறக்கவில்லை. நன்றி கெட்ட மனிதன் என்று வீட்டில் பல தடவை சொல்லியிருக்கிறேன்.

அம்மா அப்படிச் சொன்னதில்லை. நான் வேளாங்கண்ணிக்குப் புறப்பட்டபோது, "அந்தப் பிள்ளையையும் ஒருக்கால் பார்த்துக்கொண்டு வா. யூட் கடைசியா என்ன கதைச்சவன் எண்டு அவருக்குத்தானே தெரியும்" என்றார்.

பங்குத் தந்தை தனக்குத் தெரிந்தவர்கள் மூலம் விசாரித்து ஒரு தொலைபேசி எண் எடுத்துத் தந்தார். நான் அழைத்தபோது ஒரு பெண் பேசினாள். மன்னாரிலிருந்து வருகிறேன், தோணி உடைந்த ஊர் என்று சொன்னதும், "வாங்கக்கா, மேகமலைக்கு வந்துருங்க, இங்கனதான் இருக்கோம்" என்று கத்தினாள். அதோடு தொடர்பு அறுந்தது.

தேனியிலிருந்து சின்னமனூர் போகும் பாதையில் எங்கு பார்த்தாலும் தண்ணீர் ஓடுகிறது. வாய்க்கால், வயல், வாழைத் தோட்டம், தென்னை, மறுபடி வாய்க்கால். எங்கள் ஊரில் பனையும் முள்மரமும் மணலும்தான். இவ்வளவு பச்சையைக் கண்டதும் முதலில் ஆசையாக இருந்தது. கொஞ்ச நேரம் போனதும் மூச்சு முட்டுவது போல் ஆயிற்று. இரண்டு பக்கமும் மலை. எங்கள் ஊரில் எதைப் பார்த்தாலும் அதில் பாதி வானமும் தண்ணீரும் இருக்கும். இங்கே பார்வை ஒரு தூரத்துக்குப் போய் முட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது.

சின்னமனூரில் பன்னீர்த் திராட்சை வாங்கினேன். கறுப்பாக, சின்னதாக, விதையோடு இருந்தது. மலை பஸ்ஸில் ஏறி அதைத் தின்றதுதான் நான் செய்த பிழை. எந்தக் காற்றிலும் படகில் இருந்து வாந்தி எடுக்காதவள் நான். நாலைந்து கொண்டை ஊசி வளைவுகளிலேயே தின்ற திராட்சை எல்லாம் வெளியே வந்துவிட்டது. பக்கத்தில் சந்தைப் பையோடு இருந்த தோட்டத்துப் பெண் ஓர் எலுமிச்சம்பழத்தை என் கையில் வைத்து, "மோந்துக்கிட்டே இருங்க தாயி" என்றாள்.

பாதி வழியில் ஒரு மரம் முறிந்து குறுக்கே கிடந்தது. எல்லோரும் இறங்கினோம். ஆண்கள் கொம்புகளை வெட்டி இழுத்தார்கள். குளிர் காதுக்குள் போனது. எலுமிச்சம்பழம் தந்த பெண் யார் வீட்டுக்கு என்று விசாரித்தாள். முருகேசன் என்றேன்.

"கேன்டீன் முருகேசனா? கடல்ல விழுந்து பொழச்சு வந்தாகளே, அவுகளா? பெரிய அதிசயம் தாயி அது. நடுக்கடல்ல கெடந்தவுகள நம்ம வீரபாண்டி கௌமாரியாத்தா அப்படியே தூக்கிக் கரையில போட்டுட்டா. வருசா வருசம் சித்திரையில தீச்சட்டி எடுக்குறாக."

"ஆரும் காப்பாத்தேல்லையோ?" என்று கேட்டேன்.

"நடுக்கடல்ல யாரு தாயி வருவாக?"

ஐந்து வருடமாக அவர் இப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிகிறாரா என்று எனக்கு நெஞ்சு கொதித்தது. அப்படியே திரும்பிப் போய்விடலாமா என்று யோசித்தேன். மரத்தை அகற்றிவிட்டார்கள். பஸ் ஹாரன் அடித்தது. ஏறினேன்.

முருகேசன் பஸ் நிற்கிற இடத்தில் குடையோடு நின்றார். சிறிய உருவம், கம்பளித் தொப்பி, அடுப்புச் சூடு பட்ட தழும்புகள் உள்ள முன்கைகள். நாற்பது வயதுகூட இருக்காது. "வாங்கக்கா" என்று ஓடிவந்து பையை வாங்கிக்கொண்டார். "அந்த ஊரு ஆஸ்பத்திரியில என்னையத் தாயா புள்ளையாப் பாத்தாகக்கா. ஒரு நாளும் மறக்க மாட்டேன்." அவர் கண்ணில் எந்த ஒளிவுமறைவும் இல்லை. அது என்னை மேலும் குழப்பியது.

தேயிலைத் தொழிலாளர்களின் லயன் வீடுகளில் கடைசி வீடு அவருடையது. ஓர் அறை, ஓர் அடுப்படி. மனைவி பாண்டியம்மாள் வாசலிலேயே என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். நான் கொண்டுபோன பனங்கட்டியையும் அறக்குளாக் கருவாட்டையும் கொடுத்தேன். கருவாட்டுப் பொதியை முகர்ந்ததும் வெளியே கொண்டுபோய்க் கூரைக்குக் கீழே கட்டித் தொங்கவிட்டாள். "தப்பா நெனச்சுக்கிறாதீகக்கா. மீனு வாடையே அவுகளுக்கு ஆகாது. வந்ததுல இருந்து தொட்டதில்ல" என்று மெதுவாகச் சொன்னாள்.

அவர்களுக்கு மூன்று வயதில் ஒரு பெண்குழந்தை. என்னைக் கண்டு அழுதது. "அழாதை பிள்ளை, அழாதை" என்று தூக்கிச் சமாதானம் செய்தேன். நிமிர்ந்தபோது முருகேசன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சோறும் மொச்சைக் குழம்பும் போட்டார்கள். சாப்பிடும்போது, நான் கேட்காமலே, அவர் தன் கதையைச் சொன்னார். விவசாயத்தில் நட்டம் வந்து தூத்துக்குடிக்கு வேலைக்குப் போனது, ஒரு மெஸ்ஸில் சமைத்தது, அங்கே சாப்பிட வந்த தோணிக்காரர்கள் அவரைத் தோணிச் சமையலுக்கு அழைத்துப் போனது.

"எனக்கு நீச்சல் தெரியாதுக்கா. வாய்க்கால்ல முங்கிக் குளிச்சவன்தானே. மத்தவுக எல்லாம் உங்க ஊரு போட்டுல ஏறிட்டாக. நான் ஒரு பலகையப் புடிச்சேன். அம்புட்டுத்தான் நெனவு. கண்ண முழிச்சா ஆஸ்பத்திரி. அந்த அலையில தானா எவனும் பொழைக்க முடியாது. ஆத்தாதான் கொண்டாந்து போட்டுட்டா."

பாண்டியம்மாள் கைகளைக் குவித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"ஆஸ்பத்திரியிலை ஒருத்தரும் உங்களுக்கு ஒண்டும் சொல்லேல்லையோ?" என்று கேட்டேன்.

"என்னக்கா சொல்லணும்?"

அப்போதுதான் விளங்கியது. உடம்பு தேறும் வரைக்கும் சொல்ல வேண்டாம் என்று டொக்டர் சொன்னதாகப் பங்குத் தந்தை அந்த நாட்களில் சொல்லியிருந்தார். தேறிய பிறகு ஆஸ்பத்திரியில் சொல்லியிருப்பார்கள் என்று அவர் நினைத்தார். பொலிஸ் சொல்லியிருக்கும் என்று நாங்கள் நினைத்தோம். மற்றத் தோணிக்காரர்களை அதற்கு முன்பே வேறாகக் கொண்டுபோய்விட்டார்கள். ஆளுக்கு ஆள் அப்படி நினைத்ததில் யாருமே சொல்லவில்லை. ஐந்து வருடம் நான் ஏசிக்கொண்டிருந்த மனிதருக்கு, தனக்காக ஒருவன் இறந்தான் என்பதே தெரியாது.

"ஒண்டுமில்லை" என்றேன்.

படுக்கும்போது ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். சொல்லாமலே போய்விடுவது. இந்த வீட்டில் நான் எதையும் உடைக்கக்கூடாது. அவருக்கு ஒன்றும் நினைவில்லையாம் என்று அம்மாவிடம் சொல்லிவிடலாம். அது பொய்யும் அல்ல.

காலையில் மழை விட்டிருந்தது. வருகிறவர்கள் எல்லோரும் பார்க்கிற இடம் என்று முருகேசன் என்னை ஏரிப் பக்கம் கூட்டிப்போனார். சரிவு முழுக்கத் தேயிலை. கீழே, காட்டுக்கு நடுவில் தண்ணீர் அசையாமல் கிடந்தது. பாதை இறங்குகிற இடத்தில் அவர் நின்றுவிட்டார். "நீங்க போய்ப் பாத்துட்டு வாங்கக்கா. நான் இங்கன நிக்கிறேன்."

நானும் போகவில்லை. அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்தேன். அவர் தேயிலை இலை ஒன்றைக் கிள்ளி விரலில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். நேத்து எம் புள்ள அழுதப்ப நீங்க 'அழாதை'ன்னு சொன்னீக. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. இங்கன யாரும் அப்படிச் சொல்ல மாட்டாக. 'அழுவாத'ம்போம்."

"எங்கட பக்கத்துக் கதை அப்படித்தான்."

"ஆஸ்பத்திரியிலயும் கேட்டுருக்கேன். ஆனா அதுக்கு முந்தியே நான் கேட்டேன்க்கா. பலகையப் புடிச்சுட்டுக் கத்திக்கிட்டுக் கெடந்தப்ப, எங் காதுக்குப் பக்கத்துல ஒரு சத்தம். 'அழாதை! காலை அடி! காலை அடியடா மாடு!'ன்னு. வந்து வீட்ல சொன்னேன். ஆத்தாதான் பேசியிருக்கான்னாக. ஆத்தா எதுக்குக்கா என்னைய மாடுங்கணும்? ஆம்பளக் கொரல் வேற. காச்சல்ல உளர்றேன்னு நெனச்சு விட்டுட்டேன். நேத்து உங்க பேச்சக் கேட்டதும் காச்சல் இல்லைன்னு தெரிஞ்சுபோச்சு. யாருக்கா அது?"

யூட் எல்லோரையும் மாடு என்றுதான் சொல்வான். கூட்டாளியை, படகுக்காரரை, என்னை. கோபத்தில் சொல்வதல்ல. கை கொடுத்துத் தூக்கும்போது, வலை இழுக்கும்போது, ஆளுக்கு உறைக்கிற மாதிரிச் சத்தமாகச் சொல்வான். அம்மாவைத் தவிர அந்தப் பேச்சு வாங்காதவர்கள் எங்கள் ஊரில் குறைவு. இரவு எடுத்த முடிவு எனக்கு நினைவிலேயே இல்லை.

"என்ர தம்பி" என்றேன். "யூட் எண்டு பேர்."

அவர் முகம் மலர்ந்தது. "அவருதான் என்னையத் தூக்குனாரா? அய்யோ, அவரக் கூட்டியாந்திருக்கலாமேக்கா! ஏன் வரல?"

நான் கீழே கிடந்த தண்ணீரைப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். கையிலிருந்த இலை விழுந்தது. அப்படியே தேயிலைச் செடிகளுக்கு நடுவில் குந்திவிட்டார்.

"அன்னைக்கேவா?" என்று கேட்டார்.

"அண்டைக்குத்தான்."

"என்னையத் தூக்கும்போதா?"

"ஓம்."

"ஏன்க்கா யாரும் சொல்லல?" அந்தக் கேள்வியையே மூன்று நான்கு தடவை கேட்டார். நடந்ததைச் சொன்னேன். கல்யாணம் ஆனவரா, பிள்ளைகள் உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். உடம்பு கிடைத்ததா என்று கேட்டார். எங்கே அடக்கம் என்று சொன்னேன். பிறகு எழுந்து, "கேன்டீன்ல உலை வச்சிருக்கேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, என்னைத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

நான் தனியாக வீட்டுக்குப் போனேன். பாண்டியம்மாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவளிடமும் சொன்னேன். சொல்லி முடித்தபோது அவள் கையிலிருந்த முறம் அப்படியே நின்றது.

"எதுக்குக்கா சொன்னீக?"

"அவர் கேட்டவர்."

"கேட்டாச் சொல்லிருவீகளா? வந்த புதுசுல நீங்க பாத்திருக்கணும். தூங்கமாட்டாக. கட்டில் கால இறுக்கிப் புடிச்சுக்கிட்டு உக்காந்தே கெடப்பாக. இந்தப் புள்ள பொறந்த பெறகுதான் கொஞ்சம் கண்ணசர்றாக. ஆத்தா காப்பாத்துனான்னு நெனச்சுத்தான் மனுசன் நடமாடுறாக. இப்ப ஒரு உசுரு போச்சுன்னு சொல்லிட்டீகளே. அத எங்கன எறக்கி வைப்பாக?"

எனக்கும் கோபம் வந்தது. "எங்கட அம்மா அதை எங்க இறக்கி வைச்சவ?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் முறத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். நான் வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். கூரைக்குக் கீழே கருவாட்டுப் பொதி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. குழந்தை வந்து என் மடியில் ஏறியது. அன்று மலை பஸ் இருந்திருந்தால் போயிருப்பேன். பாதையில் மறுபடி ஏதோ விழுந்துவிட்டதாகவும் இனி நாளைக்குத்தான் பஸ் என்றும் சொன்னார்கள்.

கேன்டீனில் எல்லோருக்கும் சோறு போட்டு முடித்த பிறகுதான் முருகேசன் வந்தார். தலையில் தண்ணீர் ஊற்றிக் குளித்திருந்தார், அந்தக் குளிரில். "அம்மா இருக்காகளாக்கா?" என்றார்.

"இருக்கிறா."

"பேசணும்."

லயனில் டவர் கிடைக்காது. பாதையில் ஏறிப்போனால் ஒரு வளைவில் கிடைக்கும். அவர் முன்னால் நடந்தார். நான் பின்னால் போனேன். கொஞ்சம் தள்ளிப் பாண்டியம்மாளும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். வளைவில் நின்று அம்மாவை அழைத்து, "அவர் கதைக்கப் போறார் அம்மா. அவருக்கு இண்டைக்குத்தான் தெரியும்" என்று சொல்லித் தொலைபேசியை அவரிடம் கொடுத்தேன். எல்லோருக்கும் கேட்கும்படி வைத்திருந்தேன்.

"அம்மா" என்றார் முருகேசன். அதற்கு மேல் அவரால் முடியவில்லை. தோள் குலுங்கியது. வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார்.

மறுபக்கத்தில் அம்மா கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "அழாதை மகன்."

அந்தச் சொல்லைக் கேட்டதும் அவர் பாதையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தபடியே, தான் கடலில் கேட்டதை, கேட்ட மாதிரியே, எங்கள் பேச்சிலேயே அம்மாவுக்குச் சொன்னார்.

"மாடு எண்டவனோ?" என்று அம்மா கேட்டார்.

"ஆமாம்மா."

"அப்ப அவன்தான்."

எங்கள் வீட்டுக் கோழி கூவுவது தொலைபேசியில் கேட்டது.

"காலை அடிச்சனீங்களோ மகன்?"

"அடிச்சேம்மா. அவரு சொல்லச் சொல்ல அடிச்சேன். முடிஞ்ச மட்டும் அடிச்சேன்."

"நல்லது" என்றார் அம்மா. "நல்லது மகன்." பிறகு குழந்தையின் பெயரைக் கேட்டார்.

அடுத்த நாள் காலை பஸ்ஸுக்கு முருகேசன் வந்து என் பையை ஏற்றிவிட்டார். கண் இரண்டும் வீங்கியிருந்தன. "வாரேன்னு சொல்ல முடியலக்கா" என்றார். "தண்ணியப் பாத்தா உடம்பு கேக்க மாட்டேங்குது." வரத் தேவையில்லை என்றேன். நினைத்தால் அம்மாவோடு கதையுங்கள், அது போதும் என்றேன். தலையாட்டினார்.

குழந்தையை அவரிடம் விட்டுவிட்டுப் பாண்டியம்மாள் என்னோடு சின்னமனூர் வரைக்கும் வந்தாள். வீட்டுக்குச் சாமான் வாங்க வேண்டும் என்றாள். வழி முழுக்க என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு வாந்தி வந்தபோது மட்டும் முதுகைத் தடவிவிட்டாள்.

சின்னமனூரில் தேனி பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரமாக இடம் பிடித்துத் தந்து, ஒரு பொட்டலம் புளிச்சோற்றை மடியில் வைத்தாள். கீழே இறங்கி ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ராத்திரி பூராம் உக்காந்தே இருந்தாக" என்றாள்.

நான் அவளைப் பார்த்தேன். அவள் முகத்தில் நேற்றைய கோபம் இல்லை. களைப்பு இருந்தது.

"அவுகள நான் பாத்துக்கிறேன்க்கா. நீங்க அம்மாவப் பாத்துக்கங்க."

பஸ் கிளம்பியது. அவள் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு சந்தைப் பக்கம் நடந்தாள்.